பால் சேம்பர்ஸின் பின்னால் போனால் ஒரு அலமாரி நிறையும்

ஜாஸ் இசைத்தட்டு சேர்க்கத் தொடங்குகிறவர்கள் கையில் முதலில் சிக்குவது ஒரு பட்டியல். ‘கேட்டே ஆக வேண்டிய ஆல்பங்கள்’ என்று தலைப்பு இருக்கும். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ உச்சியில் இருக்கும், ‘எ லவ் சுப்ரீம்’, ‘டைம் அவுட்’, ‘மிங்கஸ் ஆ அம்’ எல்லாம் வரிசையாக வரும். வாங்க வாங்க டிக் அடித்துக்கொண்டே போகலாம். அதில் தப்பே இல்லை, அந்தத் தட்டுகள் எல்லாம் அந்தப் பெயருக்கு உரியவைதான். ஆனால் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் என்ன உறவு என்பதைப் பட்டியல் சொல்லாது. எனக்கு அந்த உறவுதான் முக்கியம். அதனால் நான் பட்டியலை மடித்து வைத்துவிட்டு ஒரு மனிதரின் பின்னால் போகிறேன். அவர் பெரும்பாலும் அட்டையின் முன்பக்கத்தில் இருக்க மாட்டார். பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், ‘பாஸ்’ (தாழ்ந்த சுரம் தரும், ஆளுயரக் கம்பி வாத்தியம்) என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பார். பால் சேம்பர்ஸ்.

1935 ஏப்ரல் 22 அன்று பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர், டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். 1955இல், இருபது வயதில், ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்தார். 1962 முடியும் வாக்கில்தான் அங்கிருந்து வெளியே வந்தார். அதற்கு நடுவில் வேறு யார் கூப்பிட்டாலும் போய் வாசித்தார். கூப்பிட்டவர்கள் யார் யார் என்று பாருங்கள்: ஜான் கோல்ட்ரேன், சன்னி ராலின்ஸ், ஹாங்க் மோப்ளி, சன்னி கிளார்க், ஆர்ட் பெப்பர், ஆலிவர் நெல்சன், வெஸ் மாண்ட்கோமரி. 1969 ஜனவரி 4 அன்று இறந்தபோது அவருக்கு வயது 33. அந்தக் குறுகிய காலத்துக்குள் ஜாஸின் பொற்காலத் தட்டுகளில் பாதிக்காவது அவர் விரல் பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் பாட்டான ‘ஸோ வாட்’டையே எடுத்துக்கொள்வோம். ஊசி இறங்கியதும் பில் எவன்ஸின் பியானோவும் சேம்பர்ஸின் பாஸும் தாளக்கட்டு இல்லாமல் மெல்ல எதையோ தேடுவது போல ஒரு முன்னுரை வாசிக்கிறார்கள். அது முடிந்ததும் மெட்டு வருகிறது. ட்ரம்பெட்டில் வரவில்லை, சாக்ஸபோனிலும் வரவில்லை, பாஸில் வருகிறது. சேம்பர்ஸ் ஒரு வரி சொல்கிறார், மற்றவர்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்கிறார்கள். மறுபடியும் அவர், மறுபடியும் பதில். உலகத்திலேயே அதிகம் பேர் வைத்திருக்கும் ஜாஸ் ஆல்பத்தைத் திறந்து வைப்பது, வழக்கமாகப் பின்னால் நின்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த வாத்தியம்தான். மைல்ஸ் அதை அவரிடம் நம்பிக் கொடுத்திருக்கிறார். இதைக் கவனித்த பிறகு என்னால் அந்தப் பாட்டை வேறு மாதிரி கேட்க முடியவில்லை.

அந்த ஆல்பம் இரண்டே நாளில் பதிவானது, 1959 மார்ச் 2 அன்றும் ஏப்ரல் 22 அன்றும். நியூயார்க்கில் 30ஆவது தெருவில் கொலம்பியா நிறுவனத்தின் ஸ்டூடியோ, முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். தேதியைக் கவனித்தீர்களா? இரண்டாம் பக்கத்தில் இருக்கும் ‘ஆல் ப்ளூஸ்’, ‘ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்’ இரண்டும் பதிவான அன்று சேம்பர்ஸுக்கு 24ஆவது பிறந்தநாள். ‘ஆல் ப்ளூஸ்’ முழுக்க அவர் ஒரு சின்னச் சுற்றைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருப்பார், அதன் மேல்தான் மற்ற ஐந்து பேரும் உலவுவார்கள். பதினோரு நிமிடத்துக்கு மேல் போகும் பாட்டு. அவருக்கு அலுக்கவில்லை என்பது ஒவ்வொரு சுற்றிலும் தெரியும்.

அதிலிருந்து பன்னிரண்டு நாள் தள்ளி, மே 4ஆம் தேதி, அவர் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஸ்டூடியோவில், ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் சாக்ஸபோன் வாசித்த கோல்ட்ரேனோடு நிற்கிறார். மே 4, 5 இரண்டு நாளும் பதிவானவைதான் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ ஆல்பத்தின் பெரும்பகுதி. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் ஒரே ஸ்கேலில் பதினாறு பார் (தாளச் சுற்று) நிதானமாக நின்ற அதே இரண்டு பேர், இங்கே பதினாறு பாருக்குள் இருபத்தாறு கார்டு (சுரக்கூட்டு) மாறும் பாட்டில் ஓடுகிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். பட்டியல் வைத்துக்கொண்டு கேட்டால் இவை இரண்டு தனித்தனி மைல்கற்கள். சேம்பர்ஸின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது அவருடைய அடுத்தடுத்த வாரத்து வேலை.

ஆல்பத்தின் பெயரே பாஸிலிருந்து வந்ததுதான். பாஸ் நடை அரையரைச் சுரமாக நகராமல் பெரிய பெரிய இடைவெளி தாண்டிப் போகிறது, அதனால்தான் அந்தத் தலைப்பு என்று கோல்ட்ரேனே அட்டைக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். கடைசிப் பாட்டின் பெயர் ‘மிஸ்டர் பி.சி.’. யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அதே ஆண்டு டிசம்பரில் இதே ஆல்பத்துக்கான ‘நைமா’வைப் பதிவு செய்தபோது பியானோவிலும் ட்ரம்ஸிலும் ஆள் மாறிவிட்டார்கள், பாஸில் மாறவில்லை.

சரி, இதையெல்லாம் ஏன் வினைலில் கேட்க வேண்டும்? எனக்கு இதில் மதப்பற்று கிடையாது, நல்ல சி.டி.யில் கேட்டாலும் சேம்பர்ஸ் சேம்பர்ஸ்தான். ஆனால் தட்டில் பாஸ் என்பது கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு விஷயம். தாழ்ந்த ஒலி ஊசியை அதிகம் ஆட்டும், பள்ளம் அகலமாகும், அகலமானால் ஒரு பக்கத்தில் குறைந்த நிமிடங்கள்தான் அடங்கும். அதனால் தட்டு வெட்டும்போது பாஸைக் குறைத்தும் உச்ச ஒலிகளை ஏற்றியும் வெட்டுவார்கள். கேட்கும்போது ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற பெட்டி அதைத் தலைகீழாகத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். இதற்காக அமெரிக்க இசைப்பதிவுத் துறைச் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. வகுத்த பொது அளவு 1954இல் வந்தது. அதாவது நாம் கேட்கும் பாஸ் முழுக்க, ஒருவர் எவ்வளவு துணிந்து வெட்டினார், இன்னொரு பெட்டி எவ்வளவு சரியாகத் திருப்பித் தந்தது என்பதைப் பொறுத்தது. ஒரே ஆல்பத்தின் இரண்டு அச்சுகளை அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் வித்தியாசம் முதலில் தெரிவது பாஸில்தான். ஒன்றில் விரல் கம்பியை இழுத்து விடும் சத்தம், பிறகு மரப்பெட்டி அதிரும் சத்தம் என்று இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். இன்னொன்றில் ‘தும் தும்’ என்று ஒரு மொத்தை மட்டும் கேட்கும். சுரம் எது என்றே பிடிபடாது. நான் எந்த மறு அச்சை எடைபோடுவதும் இதை வைத்துத்தான்.

பழைய தட்டு வாங்குகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். ஐம்பதுகளின் பிளேயர்களில் ஊசி கனமாக இறங்கும். பல தட்டுகளில் பள்ளம் தேய்ந்திருக்கும். தேய்வு முதலில் தின்பது உச்ச ஒலிகளையும் உரத்த இடங்களையும். ட்ரம்பெட் உச்சிக்குப் போகும்போது கரகரவென்று உடையும், சிம்பல் மங்கும். பாஸ் மட்டும் பெரும்பாலும் தப்பித்துவிடும். தேய்ந்துபோன ஒரு ‘ரிலாக்ஸின்’ தட்டு என்னிடம் இருக்கிறது. மைல்ஸ் பாவம், நைந்துபோயிருக்கிறார். சேம்பர்ஸ் நேற்றுப் பதிவானவர் போல நிற்கிறார். விற்பவர்கள் போடும் ‘வி.ஜி. ப்ளஸ்’ போன்ற தரக்குறியீடு பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் போட்டது. இந்தத் தேய்வு கண்ணுக்குத் தெரியாது. பளபளவென்று இருக்கும் தட்டும் உள்ளுக்குள் தேய்ந்திருக்கலாம். வாங்கும் முன் ட்ரம்பெட்டோ சாக்ஸபோனோ உரக்க வாசிக்கும் இடம் ஒன்றைப் போட்டுக் கேட்டுவிடுங்கள், அதிலும் பக்கத்தின் கடைசிப் பாட்டில்.

கடைசிப் பாட்டில் ஏன் என்றால், தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே சீராகச் சுற்றினாலும் ஊசிக்குக் கீழே ஓடும் வேகம் ஒன்றல்ல. வெளி ஓரத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது 20 சென்டிமீட்டரைச் சுற்றி வந்துவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ‘மிஸ்டர் பி.சி.’ இருப்பது சரியாக அந்த இடத்தில். கோல்ட்ரேன் பேய் வேகத்தில் வாசிப்பதும் அங்கேதான். ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜ் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் சாக்ஸபோன் சீறத் தொடங்கிவிடும். காட்ரிட்ஜ் மாற்றும் ஒவ்வொரு முறையும் அளவுகோல் வைத்துச் சரிசெய்த பிறகு நான் போடும் முதல் பாட்டு இதுதான். இது சுத்தமாகக் கேட்டால் மற்றதெல்லாம் கேட்கும்.

பாஸ் பிடிக்கும் என்றால் டர்ன்டேபிளை ஸ்பீக்கர் இருக்கும் மேசையிலேயே வைக்காதீர்கள். அதிர்வு ஊசிக்குத் திரும்பி வந்து, பாஸ் மேல் ஒரு உறுமல் படியும்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் எந்த அச்சு வாங்குவது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது: வேகம் பற்றித் தெரியுமா? மார்ச் 2ஆம் தேதி பதிவில் மாஸ்டர் டேப் ஓடிய மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டு வெட்டியபோது முதல் பக்கம் முழுவதும் ஒரு பிடி வேகமாகவும் சுருதி கொஞ்சம் ஏறியும் போய்விட்டது. முப்பது ஆண்டுக்கு மேல் உலகம் அப்படித்தான் கேட்டது. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் வாத்தியத்தைக் கொஞ்சம் ஏற்றிச் சுருதி கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 1992இல்தான், சரியான வேகத்தில் ஓடிய உபரி டேப்பிலிருந்து எடுத்துத் திருத்தினார்கள். எனக்குத் திருத்திய முதல் பக்கம்தான் பிடிக்கும். ‘ஸோ வாட்’டில் சேம்பர்ஸின் குரல் அரைக்கால் அங்குலம் கீழே இறங்கி, நிதானமாகிறது. பழைய வேகத்தில்தான் துடிப்பு இருக்கிறது என்பவர்களும் உண்டு, அவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

முதல் அச்சு தேடுகிறவர்களுக்கு அடையாளங்கள் உண்டு. லேபிளில் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என்று ஆறு கண் சின்னங்கள் இருக்க வேண்டும், இதைத்தான் ‘சிக்ஸ் ஐ’ என்பார்கள். ஆரம்ப அட்டைகளில், இன்னொரு சாக்ஸபோன் வாசித்த கேனன்பால் ஆடர்லியின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும். இரண்டாம் பக்கப் பாட்டுகளின் வரிசையும் முன்பின்னாக இருக்கும். மோனோ என்றால் எண் சி.எல். 1355, ஸ்டீரியோ என்றால் சி.எஸ். 8163. ஸ்டீரியோவில் கோல்ட்ரேன் ஒரு பக்கமும் ஆடர்லி மறுபக்கமும் நிற்பது தெளிவாகத் தெரியும். இந்த ஆல்பத்துக்கு நான் ஸ்டீரியோ பக்கம். அந்தத் தேவாலயக் கூரையின் உயரம் மோனோவில் பாதி போய்விடுகிறது.

ப்ளூ நோட் நிறுவனத்தின் ஐம்பதுகளின் தட்டுகள் என்றால் நேர் எதிர், மோனோவை எடுங்கள் என்பேன். ரூடி வான் கெல்டர் அவற்றைப் பதிவு செய்தது நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில், தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில். பகலில் அவர் கண் பரிசோதகர். ஸ்டீரியோ டேப் ஓடத் தொடங்கிய பிறகும் அவரும் தயாரிப்பாளர் ஆல்ஃபிரட் லயனும் காது கொடுத்துச் சரிபார்த்தது பெரும்பாலும் மோனோவில்தான். 1959இல்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உயரமான மரக்கூரை போட்ட தனி ஸ்டூடியோவுக்கு மாறினார். ஒரு வீட்டு ஹாலில் கோல்ட்ரேன், லீ மார்கன், கர்ட்டிஸ் ஃபுல்லர், கென்னி ட்ரூ, சேம்பர்ஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ் என்று ஆறு பேர் நின்று 1957 செப்டம்பர் 15 அன்று ‘ப்ளூ ட்ரெயின்’ பதிவு செய்ததை நினைத்துக்கொண்டு அந்தத் தட்டைக் கேட்டுப் பாருங்கள். பாஸ் ஏன் அவ்வளவு பக்கத்தில் கேட்கிறது என்று புரியும்.

அந்தத் தட்டுகளைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது லேபிளையும் கடைசிப் பள்ளத்தையும் பிரிக்கும் வெற்று இடத்தை. சேகரிப்பவர்கள் ‘டெட் வாக்ஸ்’ என்பார்கள். விளக்கைச் சரித்துப் பிடித்துத் தட்டை மெல்லத் திருப்பினால் எழுத்துகள் எழுந்து வரும். ‘ஆர்.வி.ஜி.’ என்று இருந்தால் வான் கெல்டரே வெட்டியது. பக்கத்தில் மனிதக் காது போல ஒரு சுழி இருந்தால் அது ப்ளாஸ்டிலைட் ஆலையில் அச்சானது. உண்மையில் அது அந்த ஆலையின் ‘பி’ எழுத்து, ஆனால் எல்லோருக்கும் அது ‘காது’தான். லேபிளில் முகவரியும் ஒரு கடிகாரம்: லெக்சிங்டன் அவென்யூ என்றால் மிகப் பழையது, பிறகு 47 வெஸ்ட் 63ஆவது தெரு, பிறகு வெறும் ‘நியூயார்க் யு.எஸ்.ஏ.’, அறுபதுகளின் நடுவில் கம்பெனி கைமாறிய பிறகு ‘லிபர்ட்டி’. கைமாறியதோடு காதும் போய்விட்டது. காது இருக்கிறதா என்று தேடிக் கண்டுபிடிக்கும் அந்த அரை நிமிடம் எனக்கு இன்னும் புளிக்கவில்லை.

அதற்காக முதல் அச்சு இல்லாவிட்டால் கேட்பதில் அர்த்தமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ப்ளூ நோட் 2019இல் தொடங்கிய ‘டோன் போயட்’ வரிசையில் கெவின் கிரே அசல் டேப்பிலிருந்து வெட்டிய தட்டுகள் அருமையானவை. ‘ப்ளூ ட்ரெயின்’ அதில் மோனோவாகவும் வந்திருக்கிறது, ஸ்டீரியோவில் மாற்று டேக்குகளோடு (அதே பாட்டை வேறு முறை வாசித்த பதிவுகளோடு) இரட்டைத் தட்டாகவும் வந்திருக்கிறது. சேம்பர்ஸ் தன் பெயரில் 1957இல் போட்ட ‘பாஸ் ஆன் டாப்’ ஆல்பமும் அந்த வரிசையில் உண்டு. ஹாங்க் ஜோன்ஸ், கென்னி பரல், ஆர்ட் டெய்லர், அவ்வளவுதான் குழு. முதல் பாட்டு ‘யெஸ்டர்டேஸ்’ஸை அவர் வில்லால் இழுத்து வாசிப்பார். வில் கம்பியில் உரசும் அந்தச் சொரசொரப்பு சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அது ஒரு மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிப்பது போல இருக்கும்.

அலமாரியில் என் தட்டுகளை நான் அகரவரிசையில் வைப்பதில்லை, வெளியான ஆண்டு வரிசையிலும் வைப்பதில்லை. பதிவான தேதி வரிசையில் வைக்கிறேன். சேம்பர்ஸைப் பின்தொடர அது ஒன்றுதான் சரியான வழி. மைல்ஸின் ‘குக்கின்’, ‘ரிலாக்ஸின்’, ‘வொர்க்கின்’, ‘ஸ்டீமின்’ நான்கும் 1957 தொடங்கி 1961 வரை ஒவ்வொன்றாக வெளிவந்தவை. ஆனால் ஏறக்குறைய முழுவதும் 1956இல் மே 11, அக்டோபர் 26 என்ற இரண்டே நாளில் வாசித்துத் தள்ளியது. ப்ரெஸ்டீஜ் நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தக் கணக்கைத் தீர்க்க ஒரு மேடைக் கச்சேரி போல அடுத்தடுத்து வாசித்தார்கள். ‘ரிலாக்ஸின்’ தொடக்கத்தில் மைல்ஸ் பேசுவதுகூடத் தட்டில் இருக்கும்: வாசித்துவிடுகிறேன், என்ன பாட்டு என்று அப்புறம் சொல்கிறேன் என்பார். நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இந்த மூச்சு விடாத வேலை புரியும்.

அக்டோபர் 26க்குக் கொஞ்சம் தள்ளி, 1957 ஜனவரி 19. மைல்ஸின் ரிதம் செக்‌ஷனான பியானோ ரெட் கார்லண்ட், பாஸ் சேம்பர்ஸ், ட்ரம்ஸ் ஃபில்லி ஜோ மூவரும் லாஸ் ஏஞ்சலீஸில் சாக்ஸபோன் வாசிக்கும் ஆர்ட் பெப்பரோடு ஒரே நாளில் ஒரு ஆல்பம் முடித்தார்கள். தலைப்பிலேயே ‘ரிதம் செக்‌ஷனைச் சந்திக்கிறார்’ என்று போட்டுக்கொள்ளும் அளவுக்கு அந்த மூவருக்குப் பெயர். ஸ்டீரியோவின் ஆரம்ப நாள் என்பதால் பெப்பர் ஒரு ஸ்பீக்கரிலும் மூவர் மறு ஸ்பீக்கரிலும் இருப்பார்கள். பெப்பரின் பக்கத்தை அணைத்துவிட்டு மூவரை மட்டும் கேட்கலாம். பாஸ் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பிறகு 1958 ஜனவரியில் சன்னி கிளார்க்கின் ‘கூல் ஸ்ட்ரட்டின்’. ஜப்பானில் இந்த ஆல்பத்துக்கு இருக்கும் மரியாதை தனி. அங்கே அச்சான தட்டுகளில் பரப்பு இரைச்சல் குறைவு, ஓபி என்ற காகிதப் பட்டையோடு வரும். சில ஜப்பானிய அச்சுகளில் பாஸ் கொஞ்சம் மெலிந்திருப்பதாக என் காதுக்குப் படுகிறது. அமைதி வேண்டுமா, எடை வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். 1960 பிப்ரவரியில் மோப்ளியின் ‘ஸோல் ஸ்டேஷன்’, 1961 பிப்ரவரியில் ஆலிவர் நெல்சனின் ‘த ப்ளூஸ் அண்ட் தி ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்’. முன்னதில் சேம்பர்ஸுக்குப் பக்கத்தில் ட்ரம்ஸில் ஆர்ட் ப்ளேக்கி, பின்னதில் ராய் ஹேன்ஸ். ட்ரம்ஸ் மாறும்போது சேம்பர்ஸ் தன் நடையை எப்படிக் கொஞ்சம் முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் வைக்கிறார் என்று இந்த இரண்டையும் ஒரே மாலையில் கேட்டால் பிடிபடும்.

வரிசையின் கடைசிப் பக்கம் 1965, ‘ஸ்மோக்கின் அட் த ஹாஃப் நோட்’. வெஸ் மாண்ட்கோமரியின் கிட்டார், விண்டன் கெல்லி, சேம்பர்ஸ், ஜிம்மி காப். தலைப்பில் க்ளப் பெயர் இருந்தாலும் முதலில் வந்த தட்டில் இரண்டு பாட்டுதான் அங்கே பதிவானவை, மற்ற மூன்றும் வான் கெல்டரின் ஸ்டூடியோவில் வாசித்தவை. முதல் பாட்டு ‘நோ ப்ளூஸ்’. பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போகும், சேம்பர்ஸ் விடாமல் நடந்துகொண்டே இருப்பார், வெஸ் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு பேசுவது போல வாசிப்பார். நான் இந்தத் தட்டின் பழைய மோனோ அச்சு ஒன்றை, ‘நோ ப்ளூஸ்’ பக்கம் தேயாததாக, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை மறு அச்சு ஓடுகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வையும் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ஸையும் ஒன்றாக வாங்கி, ‘ஆல் ப்ளூஸ்’ முடிந்த கையோடு ‘மிஸ்டர் பி.சி.’யைப் போடுங்கள். பிறகு ‘ப்ளூ ட்ரெயின்’, பிறகு ‘ரிலாக்ஸின்’. அட்டையின் பின்பக்கம் இருக்கும் மற்ற பெயர்களையும் படித்து வையுங்கள். ஃபில்லி ஜோவைப் பின்தொடர்ந்தாலும் சரி, விண்டன் கெல்லியைப் பின்தொடர்ந்தாலும் சரி, இன்னொரு அலமாரி இருக்கிறது.